பெயருக்கு முன்னால் ஒரு சொல்

"...அப்ப அதுல இல்லேன்னா, அவரு எங்கியோ உசுரோட கீறாருன்னுதானேம்மா அர்த்தம்?" என்று அந்த அக்கா கேட்டார். நூலகத்தின் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பூஜ்யம் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டிச் சொல்ல அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. "அப்படித்தான்கா இருக்கணும்" என்றேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. குரோம்பேட்டையில், ரயில் நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வரும் ஒரு சந்தில் எனக்கு டி.டி.பி. கடை இருந்தது. கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அப்புறம் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். தமிழ் டைப் அடிக்கப் பழகியதும் பக்கம் அமைக்கப் பழகியதும் தட்டித் தடவித்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நடக்கும் நல்லது கெட்டதெல்லாம் என் விரல் வழியாகத்தான் அச்சுக்குப் போகும். அடிக்கிற வேலையைவிட, அடிக்கக் கொடுக்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்கிற வேலைதான் எனக்கு ருசி.

அந்த அக்கா பல்லாவரத்துக்காரர். ஷூவின் மேல்பாகத் தோலை வீட்டிலேயே மெஷினில் தைத்துக் கொடுக்கிறவர். மூத்த மகளின் நிக்காஹ் பத்திரிகைக்காக, கணவரின் அண்ணனோடு கடைக்கு வந்தார். அண்ணன் நீட்டிய தாளில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. பெண்ணின் அத்தா, அதாவது அக்காவின் கணவர், பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று இருந்தது. இறந்துபோன ஆண்களின் பெயருக்கு முன்னால் முஸ்லிம் வீட்டுப் பத்திரிகையில் போடும் சொல். எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். அக்கா தாளின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து அந்தச் சொல்லை மறைத்தார்.

"இத்த மட்டும் எடுத்துடும்மா."

"எடுக்காதீங்க மேடம்" என்றார் அண்ணன்.

"எடும்மா நீ."

"இன்னாம்மா இது, வூட்ல பேசி முடிச்சதத் திரும்ப கடையில வந்து?"

"வூட்ல நீங்க பேசனீங்க மச்சான். நான் டீ போட்டுகினு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் நியாயம் கேட்டார். தம்பி காணாமல் போய் ஆறு வருடம் ஆகிறதாம். "உசுரோட கீற மனுசன் ஒரு போன் பண்ண மாட்டானா மேடம்? மாப்ள வூட்ல கேக்கறாங்க. மவுத்தாயிட்டாருன்னு சொன்னா, அல்லா நாட்டம்னு போயிடுவாங்க. காணாப்போயிட்டாருன்னா? ஏன் போனாரு, கடன் இருந்துச்சா, எவ கூடயாவது போனாரான்னு நோண்டுவாங்க. செத்தவன் பொண்ணுக்கு மரியாதை கீது. ஓடிப்போனவன் பொண்ணுக்கு கீதா, நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அக்காவுக்கும் அது தெரியும் என்பது அவர் முகத்திலேயே இருந்தது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

"கூடப் பொறந்தவருக்கு முன்னாடி இத எழுத உங்களுக்குக் கை எப்படி மச்சான் வந்துச்சு?"

"எங்க வந்துச்சு?" என்றார் அவர். "பக்கத்து வூட்டு வாத்தியார உட்டுத்தான் எழுத வெச்சேன்."

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணவர் காணாமல் போன கதையைச் சொன்னார்.

அவர் போனது ஒரு வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் பழைய தையல் மெஷின் மோட்டார் ஒன்று மலிவாக வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். கிளம்பும்போது சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. "கதவ சாத்திக்கோ" என்றதுதான் கடைசிப் பேச்சு. எங்கள் பக்கத்தில் ஒருவர் நேரத்துக்கு வீடு வரவில்லை என்றால் மனசு முதலில் தண்டவாளத்துக்குத்தான் போகும். படிக்கட்டு ஏற அலுத்துக்கொண்டு குறுக்கே நடக்கிறவர்கள்தான் நாங்கள் எல்லாரும். அக்கா போலீசில் எழுதிக் கொடுத்தார். சில மாதம் கழித்து ஒரு தடவை கூப்பிட்டு ஒரு உடலைக் காட்டினார்கள். அவர் இல்லை. "ஆனா அந்த மூஞ்சி எவரோடதோ, இன்னிக்கும் என் கூடவே கீதும்மா. இனிமே எவன் கூப்ட்டாலும் போவ மாட்டேன்" என்றார். அதன்பிறகு போகவும் இல்லை.

அப்போது நான்தான் நூலகத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பக்கத்துப் பொது நூலகத்தில் ஒரு அறையில் சில கம்ப்யூட்டர் வைத்து, பழைய தமிழ் நாளிதழ்ச் செய்திகளைத் தலைப்பும் சுருக்கமுமாக ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் வரும் செய்திகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கல்லூரிப் பிள்ளைகள் பிராஜெக்ட் அடிக்க வரும்போது அவர்களுக்காகவும், சும்மா என் ஆசைக்காகவும் அங்கே போய் உட்கார்ந்து பழகியிருந்தேன். ஊரில் நடந்ததையெல்லாம் ஒரு பெட்டி ஞாபகம் வைத்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய அதிசயம். ரயிலில் அடிபட்டுப் பெயர் தெரியாமல் கிடந்தவர்களைப் பற்றி நாலு வரியாவது பேப்பரில் வந்திருக்கும், தேடிப் பார்க்கலாம் என்றேன்.

"மூஞ்சி எதுவும் காட்ட மாட்டாங்களே?"

"இல்லக்கா, வெறும் எழுத்துதான்."

"எழுத்துன்னா தாங்கிப்பேன்" என்றார்.

அங்கே ஒரு முறை இருந்தது. கீபோர்டை நாம் தொடக்கூடாது. தேட வேண்டிய சொற்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், அறைப் பொறுப்பாளர் அடித்துப் பார்த்துச் சொல்வார். நன்றாகப் பேசுகிற மனிதர். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். நான் 'அடையாளம் தெரியாத', 'ரயில்', 'பல்லாவரம்' என்று எழுதிக் கொடுத்தேன். வருடம் எதுவும் போடாமல் முதலில் தேடினார். திரை நிறையச் செய்திகள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் கணவர் காணாமல் போன வருடத்தை மட்டும் போட்டு மறுபடி தேடினார். பூஜ்யம். அதற்கு அடுத்த வருடம், பூஜ்யம். பல்லாவரத்தை எடுத்துவிட்டுக் குரோம்பேட்டை, தாம்பரம், மீனம்பாக்கம் என்று ஒவ்வொன்றாகப் போட்டார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"நல்லாப் பாத்தீங்களா சார்?" என்றேன்.

"மேடம், மத்த வருஷத்துக்கெல்லாம் எவ்ளோ கொட்டுச்சு, நீங்களே பாத்தீங்கல்ல? சிஸ்டத்துல இல்லேன்னா ஊர்லயே இல்ல."

அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது அக்காவின் நடையே வேறாக இருந்தது. பர்தாவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வழியில் கொய்யாக்காய் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் அண்ணனைக் கூட்டிவந்து, "மிசின்லயே பாத்தாச்சு மச்சான், இல்ல" என்றார். அந்த வருடத்துப் பேப்பரையெல்லாம் தேடியாகிவிட்டது என்றதும் அவர் அடங்கிப்போனார். படித்தவர்கள் வைத்த மெஷின் சொல்லும்போது அவர் என்ன பேசுவார்? "சரி, எடுத்துடுங்க மேடம். மாப்ள வூட்டுக்கு நான் இன்னா சொல்றதுன்னு யோசிக்கறேன்" என்றார். நான் மர்ஹூமை எடுத்துவிட்டு ஒரு புரூஃப் அடித்துக் கொடுத்தேன். மண்டபத்துத் தேதி உறுதியானதும் பிரஸ்ஸுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

அந்த நாட்களில் அக்கா கடைப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் பேச்சில் ஒரு மாற்றம். முன்பெல்லாம் "அவரு இருந்தப்ப அப்படிச் சொல்வாரு" என்பார். இப்போது "அவருக்கு வெங்காயம் ஆகாது" என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கேயோ இந்நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல.

பிறகு என் கடைக்கு ஒருவர் சி.டி. ஒன்றைக் கொண்டுவந்தார். வேறு பிரஸ்ஸில் அடித்த ஆண்டு மலர்; சில பக்கங்களைத் திருத்தித் தரவேண்டும். திறந்தால் திரை முழுக்கக் கிறுக்கல். அது எனக்குத் தினப்படி சமாசாரம். அந்தக் காலத்தில் தமிழுக்கு ஒவ்வொரு பிரஸ்ஸும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தது. ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ழ' இருக்கும். நம் கண்ணுக்கு ரயில் என்று தெரிவது மெஷினுக்கு வேறு ஏதோ குறி. சரியான எழுத்துருவை மாற்றிவிட்டால் கிறுக்கல் தமிழாகிவிடும். வழக்கம்போல மாற்றினேன். எழுத்து தெளிந்து வந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

நூலகத்தில் நான் தேதி சொல்லிப் பழைய வருடச் செய்தி எதையாவது கேட்டால், அந்தப் பொறுப்பாளர் திரையில் எதையோ ஒன்றை மாற்றிவிட்டுத்தான் காட்டுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்போது புரிந்தது. பழைய வருடங்களை ஏற்றியவர்கள் ஒரு எழுத்துருவில் ஏற்றியிருக்கிறார்கள். புதிய வருடங்கள் இன்னொன்றில். அன்று நாங்கள் கொடுத்த சீட்டைப் புதியதில் அடித்தால், பழைய வருடத்தில் எது இருந்தாலும் மெஷின் கண்ணுக்குப் படாது.

கடையைச் சாத்திவிட்டுப் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. சீட்டில் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தேன், ரயில். அவர் காணாமல் போன வருடம் முழுக்க.

"பூஜ்யம் மேடம்."

"சார், ஒரு வருஷம் முழுக்க நம்ம ஊர்ல ரயிலே ஓடலையா?"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'மழை' என்று அடித்தார். பூஜ்யம். 'முதலமைச்சர்' என்று அடித்தார். பூஜ்யம்.

"அந்த வருஷம் ஆட்சியும் இல்ல போல" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "அது முன்னாடி இருந்த கான்ட்ராக்ட் மேடம். அவங்க வேற ஃபாண்ட். யாரும் இதுவரைக்கும் கேக்கலையே..." என்று இழுத்தார். நல்ல மனிதர்தான், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழைய எழுத்துருவைத் தேடி எடுத்துப் போட்டு, அன்று கொடுத்த சொற்களையே மறுபடி அடித்தார். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, "அந்தம்மாகிட்ட நான் சாரி சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். எழுந்து நின்று சொன்னார்.

அந்தத் தாள்கள் என் மேசை இழுப்பறையில் கிடந்தன. படித்துவிட்டேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன. அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் இத்தனை, இன்ன நிறச் சட்டை, போலீசார் விசாரிக்கின்றனர். கணவரைத் தேடித் தருகிறேன் என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். கிடைக்கவில்லை என்று வந்தபோது இருவரும் கொய்யாக்காய் தின்றோம். இப்போது இதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? கொடுக்காமல் இருந்தால்தான் யாருக்கு என்ன? பத்திரிகை அச்சாகும், நிக்காஹ் நடக்கும், அக்கா மிச்ச நாளையும் வெங்காயம் ஆகாத ஒரு மனிதருக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அண்ணன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசப்போவதாகக் கேள்விப்பட்டேன். தம்பி உயிரோடு இருக்கிறான், மெஷினிலேயே பார்த்தாயிற்று என்று அங்கே போய்ச் சொல்லப்போகிறார். ஒரு பெண்ணின் கல்யாணம் ஒரு குருட்டு மெஷினின் பேச்சை நம்பி நடக்கப்போகிறது என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அக்கா வந்தபோது கடையில் வேறு யாரும் இல்லை. எழுத்துரு விஷயத்தை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "பூட்டு ஒண்ணு, நாம போட்ட சாவி வேறக்கா. தொறக்கல. உள்ள ஒண்ணும் இல்லேன்னு நெனச்சுட்டோம்."

அக்கா கையிலிருந்த சின்னப் பர்ஸை மடியில் இறக்கி வைத்தார். பிறகு, "உள்ள இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சுக்கா. யாருன்னு தெரியாது. நெறைய பேர்."

"படி."

"நீங்களே..."

"என் கண்ணு ஓடாது. நீ படி."

படித்தேன். முதல் ஆளுக்குப் பேன்ட் என்று இருந்தது. "அவரு கைலிதான். பேன்ட்டு மாட்டுனா நடக்கவே தெரியாது" என்றார். இரண்டாவதுக்கு வயது அறுபது. "இல்ல." அடுத்தவர் கையில் பச்சை குத்தியிருந்தது. "இல்ல, இல்ல." ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிச் சொல்லித் தள்ளினார். நான் படிக்கும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வார். இல்லை என்று சொன்னதும் விடுவார். ஒரு கட்டத்தில், "பாவம், இத்தினி பேரா" என்றார். "இவங்க வூட்லயும் எவளாவது பாத்துகினுதானே இருப்பா?"

அடுத்த தாளைப் படித்தேன். அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் நாற்பது, வெள்ளை அரைக்கைச் சட்டை, பச்சைக் கட்டம் போட்ட கைலி, பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே.

அக்கா இதைத் தள்ளவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது.

"அக்கா?"

"பல்லாவரத்துல பாதி ஆம்பளைங்க இப்படித்தான் கீறாங்க" என்றார், மெதுவாக. "சட்ட வெள்ள. கைலி பச்ச. எவன்கிட்ட இல்ல? இத வெச்சிகினு நான் எப்படிச் சொல்றது?"

"சொல்ல முடியாதுக்கா."

"போலீசுல போட்டோ வெச்சிருப்பாங்க இல்ல?"

"வெச்சிருக்கலாம். நான் கூட வரேன்."

தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. "அடுத்தது படி." படித்தேன். அது இல்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் அவர் காரணம் சொல்லவில்லை. காதும் அங்கே இல்லை.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அண்ணன். உள்ளே வந்ததும் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இன்னா, பேஜாரா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

"மிசின்ல தப்பாம் மச்சான். அந்த வருசத்து பேப்பர அது பாக்கவே இல்லியாம்."

"அப்ப?"

"அப்ப, ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம். முன்ன மாரியே."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெயித்த முகமாக எனக்குத் தெரியவில்லை. நம்பியிருந்த ஒன்று அவருக்கும் கழன்று விழுந்துவிட்டது போல இருந்தது. "நாளிக்கு மாப்ள வூட்டுக்குப் போறதா கீதே" என்றார்.

"பொண்ணுக்குத்தானே எல்லாம்?" என்றார் அக்கா. அப்புறம் என் பக்கம் திரும்பி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "போட்டுடும்மா. அந்த வார்த்தைய. எங்க இருந்துச்சோ அங்கியே போட்டுடு."

போட்டேன். பழகிய சொல்தான், விரல் தானாக அடிக்கும். அன்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடித்தேன். புதிய புரூஃபை அண்ணன் வாங்கிப் படித்தார். பாதியில் படிக்க முடியாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வா, வண்டிய எடுக்கறேன்" என்று வெளியே போனார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. ஸ்கூட்டரை அவர் உதைக்கிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார். "எனக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு, அது இல்லாம போட்டுக் குடுப்பியா?"

பழைய ஃபைலைத் திறந்து ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். தாள் சூடாக வந்தது. கணவர் பெயர் இருந்த வரியை மட்டும் ஒரு முறை பார்த்தார். அதை நாலாக மடித்தார். கவிழ்த்து வைத்த தாள்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பச்சைக் கைலித் தாளை, என்னைக் கேட்காமல், தானே தேடி உருவினார். அதையும் நாலாக மடித்து, இரண்டையும் சேர்த்துச் சின்னப் பர்ஸில் திணித்து ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் சிக்கியது. பல்லால் கடித்து இழுத்து மூடிவிட்டு, வெளியே போய் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.